முனையில் ஒரு துளை

மூலக்கொத்தளத்தில் என் ஷெட்டுக்குள்
எண்பத்து மூன்றாம் வருஷத்து பத்மினி
மூக்கை மட்டும் நுழைத்து நிற்கிறது.
பின்பாதி தெருவில்.
மீன்பாடி வண்டிக்காரன் ஒடித்துத் திருப்பிக்கொண்டு
என்னை விட்டுவிட்டுக் காரைத் திட்டுகிறான்.

கொண்டுவந்தவன் அலாய்சியஸ், பனைமரத்தொட்டி.
சினிமா கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகிறான்.
"கதை எம்பத்தி மூணுல நடக்குதாம் ஷம்ஷாத்து.
அப்போ இந்த வண்டி ஷோரூம விட்டு வந்து ரெண்டு மாசம்.
டாஷ்போர்டுல வெடிப்பே இருக்கக் கூடாது.
குளோசப்பு வெக்கிறாங்க."

வெடிப்பு மூன்று.
இரண்டு சின்னது, நகக்கண் அளவு.
மூன்றாவது, கண்ணாடி ஓரம் தொடங்கி
கடிகாரம் இருந்த குழிவரைக்கும்
வாடகை வீட்டுச் சுவரில் இறங்குவது போல
அவசரமில்லாமல் வந்திருந்தது.

முதலில் துடைக்க வேண்டும்.
காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து
உள்ளே விட்டால்
கறுப்பு.
இன்னொன்று. அதுவும் கறுப்பு.
ஹார்பரில் கரி இறக்குவதை நிறுத்திப் பல வருஷம்.
கொடியில் காயும் எங்கள் துணிகூட வெளுத்துவிட்டது.
வண்டி மட்டும் யாரிடமும் சொல்லாமல்
ஒரு ஸ்பூன் வைத்திருந்தது.

பிறகு துளை.
வெடிப்பின் இரண்டு முனையிலும்
ஒன்றரை எம்.எம். பிட்டால் ஒரு பொட்டு.
கிழிந்ததில் எதற்கு இன்னொரு ஓட்டை என்பார்கள்.
கூரான முனைதான் ஓடும்.
வட்டமாக்கிவிட்டால்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடும்.

வினைல் என்பது மாட்டுத்தோல் வேஷம் போட்ட பிளாஸ்டிக்.
அந்த வேஷத்தின் ரேகையை எடுக்க
யார் கண்ணும் விழாத இடம் வேண்டும்.
கிளவ் பாக்ஸ் மூடிக்கு மேலே, உள்மடிப்பு.
சிலிகான் பூசி, காய்ந்ததும் உரித்தால்
உள்ளங்கையில் தலைகீழாக ஒரு தோல்,
எந்த மாட்டுக்கும் சேராதது.

பசையை நிரப்பினேன், காயவிட்டேன், தேய்த்தேன்,
மறுபடி நிரப்பினேன்.
ஈரம் இருக்கும்போதே அச்சை வைத்து
கட்டைவிரலால் அழுத்தி நூறு எண்ணினேன்.
அறுபத்திரண்டில் கரண்ட் போனது.
எண்ணுவதை விடவில்லை.

நிறம்தான் படுத்தியது.
டியூப்லைட்டில் சேர்ந்தது வெயிலில் சேரவில்லை.
பழுப்பில் ஒரு சொட்டுப் பச்சை, அரைச் சொட்டு மஞ்சள்,
பக்கத்துக் கடையில் வாங்கிய டீயைக் காரோடு வைத்துப் பார்த்து
இன்னொரு சொட்டு.
மூன்றாம் நாள் பதினோரு மணி வெயிலில்
எல்லாம் ஒரே வண்டியாகிவிட்டது.

அலாய்சியஸ் வந்து விரலால் தடவினான்.
இப்படி. அப்படி. கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை.
"எங்க இருந்துச்சு?"
நான் வாயைத் திறப்பதற்குள் அவனுக்கு போன்.

பேசிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.
"கதைய மாத்திட்டாங்க. இப்ப நடக்குற மாதிரியாம்.
ஹீரோ கடன்காரனாம். வண்டி பழசாத் தெரியணுமாம்.
டாஷ்போர்டுல ஒரு வெடிப்பு இருந்தா
நல்லாருக்கும்ன்றான்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
அப்புறம் சிரித்தான்.
"கிழிச்சிடுறியா?"
"கை வராதுப்பா. வரையட்டா?"

பூஜ்யம் நம்பர் பிரஷ். கறுப்பில் கொஞ்சம் காப்பி நிறம்.
வெயில் நாற்பது வருஷம் யோசித்துப் போட்ட கோட்டை
சாயங்காலத்துக்குள் நான் போட வேண்டும்.
முதல் கோடு ஜன்னல் மழைத்தண்ணி மாதிரி வழிந்தது. துடைத்தேன்.
இரண்டாவது, என் கையெழுத்து மாதிரி. துடைத்தேன்.
பஞ்சுக்குச்சிகளை எறிந்திருந்த டப்பாவைத் தேடி
அந்தப் பழைய கரியைத் தொட்டு இழுத்தேன்.
அப்போதுதான் ஆழம் வந்தது.

கண்ணாடி ஓரம் தொடங்கி
கடிகாரக் குழிக்கு நாலு விரல் முன்னால் நிறுத்தினேன்.
பிரஷைக் கழுவப் போகுமுன்
கை தானாகத் திரும்பிப் போய்
முனையில் ஒரு வட்டப் புள்ளி வைத்தது,
மேலே ஓடாமலிருக்க.